அசதிக்குப் பெயர் கிடைத்தது

கேள்வி: ஐந்து வருடமாகத் தீராத அசதி. எல்லோரும் மின்விசிறி தேடும்போது நான் போர்வை தேடுவேன். சீப்பில் கொத்தாக முடி. மோதிரம் விரலைவிட்டு வரவே மாட்டேன் என்கிறது. போகிற இடமெல்லாம் 'மனக்கவலைதான்' என்றார்கள். போன வாரம் ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 48! மாத்திரை தொடங்கி ஆறு நாளாகிறது. மாற்றமே இல்லையே?

பதில்: ஆறே நாளா? கொஞ்சம் பொறுங்கள். தைராய்டு சுணங்கினால், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்ஹெச்சைக் கூட்டி, 'வேலை செய்' என்று தைராய்டை விரட்டும். சாதாரணமாக 4 அல்லது 5-க்குள் இருக்க வேண்டியது உங்களுக்கு 48 என்றால், எவ்வளவு விரட்டியிருக்கும்! தைராய்டு ஹார்மோனை ஈடுகட்டும் உங்கள் மாத்திரை, லெவோதைராக்சின், மெதுவாகத்தான் வேலை செய்யும். 6 முதல் 8 வாரத்தில் மறுபரிசோதனை செய்தால்தான் அளவு சரியா என்று தெரியும். சரி, மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள்? வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். காபி அரை மணி, ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் 4 மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.