விர்ச்சுவல் மெஷினுக்கு சிபியுவும் ரேமும் கூட்டிக் கொடுத்தும் வேகம் வரவில்லை. இன்னும் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

தரவுத்தளம் ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்கு (ஒரு சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் தனிக் கணினி) 12 விசிபியுவும் (அதற்கு ஒதுக்கப்படும் மெய்நிகர் பிராசசர்கள்) 64 ஜிபி ரேமும் கொடுத்த பிறகும், நிறுவனத்தின் வேலைகளை நடத்தும் இஆர்பி மென்பொருள் மந்தமாகவே இருக்கிறது, இன்னும் எவ்வளவு கூட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டுவதற்கு முன்னால் குறைத்துப் பார்க்க வேண்டிய நிலையில்தான் உங்கள் சர்வர் இருக்கக்கூடும் என்பது என் பதில். உங்கள் ஹோஸ்டில் (இந்த மெஷின்களைச் சுமக்கும் உண்மையான சர்வர்) மொத்தம் எத்தனை கோர் (பிராசசருக்குள் இருக்கும் தனித்தனிக் கணிப்பு அலகு) இருக்கிறது, அதன்மேல் வேறு எத்தனை மெஷின்கள் ஓடுகின்றன என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் பக்கத்து நிறுவனங்கள் பலவற்றில் உள்ளதைப் போல, இரண்டு சாக்கெட் (பிராசசர் சிப் பொருந்தும் இடம்) கொண்ட ஒரே சர்வரில் தரவுத்தளம், டாலி, ஃபைல் சர்வர், வருகைப்பதிவு எல்லாம் சேர்ந்து ஓடுகின்றன என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். தனித் தரவு மையம் வைத்திருக்கும் பெரிய நிறுவனம் என்றால் இதில் சில பகுதிகள் உங்களுக்குப் பொருந்தாது.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிப் பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் ஹோஸ்டில் இரண்டு சாக்கெட். ஒவ்வொன்றிலும் 6 கோர், 64 ஜிபி ரேம். அதன்மேல், விர்ச்சுவல் மெஷின்களை நடத்தும் விஎம்வேர் மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐ ஓடுகிறது. இஆர்பி மென்பொருளைக் கொடுத்த நிறுவனத்தின் ஆட்கள் தரவுத்தள மெஷினுக்கு 16 விசிபியுவும் 80 ஜிபியும், அப்ளிகேஷன் சர்வருக்கு 12 விசிபியுவும் 32 ஜிபியும் ஒதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். டாலிக்கும் அலுவலக வேலைக்கும் உள்ள டெர்மினல் சர்வருக்கு 12 விசிபியுவும் 40 ஜிபியும் இருந்தன. மற்ற சிறிய மெஷின்களையும் சேர்த்தால் 12 கோர் உள்ள ஹோஸ்டின் மேல் 52 விசிபியு. 128 ஜிபி உள்ள இடத்தில் 176 ஜிபி ஒதுக்கீடு. சாதாரண நாட்களில் இது யார் கண்ணிலும் படவில்லை. தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் கிளம்ப வேண்டிய நாட்களில்தான் பேக்கிங் பிரிவிலிருந்து அழைப்பு வரும்: "ஏனுங்கண்ணா, பேக்கிங் லிஸ்ட் ஸ்கிரீன் மறுபடியும் நின்னுபோச்சுங்க, லாரிக்காரரு வந்து நிக்கறாருங்க."

மென்பொருள் நிறுவனத்திடம் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான் வந்தது: கான்ஃபிகரேஷன் போதாது, இன்னும் 8 விசிபியு கொடுங்கள், ரேமைக் கூட்டுங்கள், முடிந்தால் புதிய சர்வர் வாங்குங்கள். அந்தப் பதிலைச் சொன்னவர்களில் ஒருவர்கூட ஹோஸ்டில் ஒரு அளவையும் எடுத்துப் பார்க்கவில்லை. இதை நான் இன்னும் மனத்தாங்கலோடுதான் சொல்கிறேன். வெளியூரிலிருந்து தொலைபேசியில் சொல்லப்படும் ஒரு வாக்கியத்துக்கு இருக்கும் மதிப்பு, அதே கட்டடத்தில் உட்கார்ந்து எண்களை எடுத்துக் காட்டும் 'சிஸ்டம் பார்க்கிற பையனுக்கு' எங்கள் ஊர் நிறுவனங்களில் எளிதில் கிடைப்பதில்லை.

நான் முதலில் பார்த்தது ரெடி என்னும் அளவை. ஒரு விசிபியு வேலை செய்யத் தயாராக இருந்தும், ஓடுவதற்கு உண்மையான கோர் கிடைக்காமல் காத்திருக்கும் நேரம் அது. மெஷினுக்குள் இருக்கும் விண்டோஸுக்கு இந்தக் காத்திருப்பு தெரியாது. டாஸ்க் மேனேஜரிலும் வராது. ஹோஸ்டில் எஸ்எஸ்எச் என்னும் தொலைக்கட்டளை இணைப்பு வழியாக நுழைந்து, அதன் அளவுகளைக் காட்டும் இஎஸ்எக்ஸ்டாப் கட்டளையைக் கொடுத்து, சி விசையை அழுத்தினால் ஆர்டிஒய் என்ற நெடுவரிசையில் தெரியும். அங்கே தெரியும் எண் அந்த மெஷினின் எல்லா விசிபியுக்களுக்கும் சேர்த்தது. ஆகவே விசிபியு எண்ணிக்கையால் வகுத்துத்தான் படிக்க வேண்டும். விசென்டர் என்னும் விஎம்வேர் மேலாண்மை மென்பொருளின் வரைபடத்தில் பார்ப்பவர்களுக்கு நிகழ்நேரக் கணக்கு 20 நொடிக்கு ஒருமுறை வரும். அதில் ஒரு விசிபியுவுக்கு 1000 மில்லிநொடி என்றால் 5 விழுக்காடு. ஒரு விசிபியுவுக்கு 5 விழுக்காட்டைத் தாண்டினால் கவனிக்க வேண்டும், 10ஐத் தாண்டினால் பயனாளர்கள் உணர்வார்கள் என்பது இத்துறையில் பலரும் கைக்கொள்ளும் அளவுகோல். ஏற்றுமதி நெருக்கடி நேரத்தில் எங்கள் அப்ளிகேஷன் சர்வரும் டெர்மினல் சர்வரும் 10க்கு மேலேயே நின்றன.

கூடுதல் விசிபியு கொடுத்தால் ஏன் தாமதம் கூடுகிறது என்பதை எங்கள் பவர் டேபிளை (தையல் மெஷின்கள் வரிசையாக ஓடும் மேசை) வைத்தே முதலாளிக்கு விளக்கினேன். ஓவர்லாக் தையல் மெஷினில் இருப்பவர் எவ்வளவு வேகமாக அடித்துத் தள்ளினாலும், அடுத்த வேலைக்கான பிளாட்லாக் மெஷினில் ஆள் இல்லாவிட்டால் ஓரளவுக்கு மேல் அவரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஒரே மெஷினின் விசிபியுக்களில் சில முன்னே போய், சில கோர் கிடைக்காமல் பின்தங்கினால், முன்னே போனவற்றை ஹோஸ்ட் நிறுத்தி வைக்கும். இஎஸ்எக்ஸ்டாப்பில் சிஎஸ்டிபி என்ற நெடுவரிசை அந்த நிறுத்தத்தைத்தான் காட்டுகிறது. எல்லா விசிபியுக்களுக்கும் ஒரே நேரத்தில் கோர் கிடைத்தாக வேண்டும் என்ற கண்டிப்பு 2006இல் வந்த இஎஸ்எக்ஸ் 3.0இலேயே தளர்ந்துவிட்டதே என்று சிலர் மறுக்கக்கூடும். உண்மைதான், சும்மா இருக்கும் விசிபியு கணக்கில் வருவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் தளர்ந்தது கண்டிப்புதானே தவிர, காத்திருப்பு ஒழிந்துவிடவில்லை.

எனக்கே வியப்பாக இருந்தது தரவுத்தள மெஷினில் கண்டதுதான். டாஸ்க் மேனேஜரில் சிபியு மொத்தப் பயன்பாடு 25 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. வரைபடத்தின்மேல் வலது சொடுக்கி, ஒவ்வொரு பிராசசரையும் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றினேன். 16 கட்டங்களில் 4 கட்டங்கள் உச்சியைத் தொட்டபடி இருந்தன. மீதி 12 கட்டங்களில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. எங்கள் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரின் எரர் லாகை (அது தன் நடப்புகளை எழுதி வைக்கும் பதிவு) திறந்து, அது தொடங்கும்போது எழுதும் வரிகளைப் படித்தேன். 16 சாக்கெட், சாக்கெட்டுக்கு ஒரு கோர் வீதம் கண்டறியப்பட்டதாகவும், உரிமத்தின்படி 4 பிராசசர்களை மட்டும் பயன்படுத்துவதாகவும் அதில் தெளிவாக இருந்தது. நாங்கள் வைத்திருப்பது 2016 ஸ்டாண்டர்டு பதிப்பு. அது 4 சாக்கெட் அல்லது 24 கோர், இவற்றில் எது குறைவோ அதைத்தான் தொடும். மெஷினை உருவாக்கியவர்கள் ஒரு சாக்கெட்டுக்கு ஒரு கோர் என்று விட்டுவிட்டதால், 16 கொடுத்தும் தரவுத்தளத்துக்குக் கிடைத்தது 4. அவர்கள் கேட்ட இன்னொரு 8ஐக் கொடுத்திருந்தாலும் அந்த 4 நான்காகவே இருந்திருக்கும். நீங்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும், இந்த லாகை மட்டும் இன்றைக்கே பாருங்கள்.

நினைவகத்திலும் இதே கதைதான். இரண்டு சாக்கெட் சர்வரில் ரேம் இரண்டு பாதியாகப் பிரிந்து, ஒவ்வொரு பாதியும் ஒரு சாக்கெட்டோடு நேரடியாக இணைந்திருக்கும். அடுத்த சாக்கெட்டின் பக்கம் இருக்கும் ரேமை எட்டுவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். இதைத்தான் நூமா என்கிறார்கள். 64 ஜிபி உள்ள ஒரு பக்கத்தில் 80 ஜிபி கேட்கும் மெஷின் அடங்காது. அதைவிட மோசமானது, ஹோஸ்டில் இல்லாத ரேமை ஒதுக்கியது. பற்றாக்குறை வரும்போது இஎஸ்எக்ஸ்ஐ முதலில் பலூன் டிரைவர் (ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் இருக்கும் சிறு நிரல்) மூலம் மெஷின்களிடமிருந்து ரேமைத் திரும்பக் கேட்கும், போதாவிட்டால் சுருக்கும், அதற்கும் மேல் போனால் டிஸ்கில் எழுதத் தொடங்கும், அதுதான் ஸ்வாப். இஎஸ்எக்ஸ்டாப்பில் எம் விசையை அழுத்தினால் பலூனின் அளவும் ஸ்வாப்பின் அளவும் தெரியும். ஸ்வாப்பில் பழைய எண் ஒன்று கிடப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம், நெருக்கடி தீர்ந்த பிறகும் அது அப்படியே நிற்கும். நொடிக்கு எவ்வளவு திரும்பப் படிக்கப்படுகிறது என்ற எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பலூனை அணைத்துவிட்டால் தீர்ந்தது என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள், பலூன் இல்லாத இடத்தில் ஹோஸ்ட் டிஸ்க்குத்தான் போகும், அது இன்னும் கொடுமை.

முதலாளியிடம் இதையெல்லாம் தாளில் எழுதிக் கொண்டுபோய் வைத்தபோது, அவர் கேட்டது நியாயமான கேள்விதான்: "இருக்கறதைக் கொறைச்சா எப்படிங்க தம்பி வேகம் வரும்?" 12 கட்டங்கள் தரையில் கிடந்த அந்தத் திரையைக் காட்டினேன். புதிய சர்வருக்கு வந்திருந்த விலைப்புள்ளி அவர் மேசை மேலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மெஷின்களை நிறுத்திச் செய்யச் சம்மதித்தார். விசிபியுவைக் குறைக்க மெஷினை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

தரவுத்தள மெஷினை ஒரே சாக்கெட், 6 கோர், 48 ஜிபி என்று மாற்றினேன். இப்போது அது சர்வரின் ஒரு பக்கத்துக்குள் முழுதாக அடங்குகிறது. விசிபியுவை 16இலிருந்து 6 ஆகக் குறைத்ததில், எஸ்கியூஎல் சர்வருக்குக் கிடைத்தது 4இலிருந்து 6 ஆகக் கூடியது. அதன் உச்ச நினைவக வரம்பு நிறுவும்போது இருந்தபடியே, நடைமுறையில் வரம்பே இல்லாத எண்ணாக இருந்தது. அதை 40 ஜிபியாக வைத்து, மீதியை விண்டோஸுக்கு விட்டேன். அந்த 48 ஜிபியையும் வேறு யாரும் எடுக்க முடியாதபடி முழுதாக ரிசர்வ் செய்தேன். அப்ளிகேஷன் சர்வருக்கு 4 விசிபியு, டெர்மினல் சர்வருக்கு 6, சிறியவற்றுக்கு இரண்டிரண்டு. மொத்தம் 22 விசிபியு, 112 ஜிபி. பயாஸில் மின்சிக்கன அமைப்பை முழு வேகத்துக்கும், விண்டோஸின் பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கும் மாற்றினேன். விண்டோஸ் சர்வர் தானாகத் தேர்ந்து வைப்பது பேலன்ஸ்டு என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை.

அடுத்த ஏற்றுமதி நெருக்கடியில் ரெடி 2 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தது. பலூன் சுழியத்தில் நின்றது. பேக்கிங் லிஸ்ட் திரை நிற்கவில்லை. புதிய சர்வர் வாங்கவில்லை. கோர் கணக்கில் எஸ்கியூஎல் உரிமம் வாங்கியிருப்பவர்களுக்கு இதில் உரிமச் செலவும் குறையும்.

எல்லோருக்கும் குறைப்பதே மருந்து என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மெஷினுக்குள் எல்லாப் பிராசசர்களும் தொடர்ந்து 80, 90 விழுக்காட்டில் ஓடி, ஹோஸ்டில் ரெடியும் குறைவாக இருந்தால், கூட்டத்தான் வேண்டும். தயங்காமல் இரண்டிரண்டாகக் கூட்டி அளந்து பாருங்கள். அதேபோல, விசென்டர் காட்டும் ஆக்டிவ் மெமரி என்ற எண்ணை மட்டும் நம்பித் தரவுத்தளத்தின் ரேமை வெட்டிவிடாதீர்கள். சிறிது நேரம் தொடப்படாத ரேம் பகுதிகளை அந்த எண் கணக்கில் சேர்க்காது. தரவுத்தளமோ அவற்றைத் தேவை கருதியே பிடித்து வைத்திருக்கும்.

விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கி, உரிமங்கள் சந்தா முறைக்குப் போன பிறகு, கோவையிலும் ஈரோட்டிலும் எனக்குத் தெரிந்த சிலர் இதே வேலையைச் செய்யும் பிராக்ஸ்மாக்ஸ் என்னும் மென்பொருளுக்கு மாறிவிட்டார்கள். நீங்களும் அதில் இருந்தால், லினக்ஸ் மெஷினுக்குள் டாப் கட்டளையில் எஸ்டி என்று வரும் எண் இதே காத்திருப்பைத்தான் காட்டுகிறது. ஒரே சர்வர்தான் என்றால் சிபியு வகையை ஹோஸ்ட் என்று வையுங்கள். வேறு வகையான சிபியு உள்ள சர்வருக்கு மெஷினை ஓடும்போதே நகர்த்துவதாக இருந்தால் வேண்டாம். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி என்றால் தரவுத்தள மெஷினுக்கு டைனமிக் மெமரியை (தேவைக்கேற்ப ரேம் கூடிக் குறையும் அமைப்பு) தவிர்த்து நிலையான அளவைக் கொடுங்கள். மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் வைத்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு சொல்: ஜன்னலின் அடியில் பச்சை ஆமைச் சின்னம் தெரிந்தால், விண்டோஸின் ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது என்று பொருள், அதை அணைக்காமல் கோரையும் ரேமையும் கூட்டிப் பயனில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வேலை நெருக்கடியாக இருக்கும் நேரத்தில் ரெடி, சிஎஸ்டிபி, பலூன், ஸ்வாப் படிப்பு ஆகிய நான்கையும் எடுத்து, ஹோஸ்டின் கோர் எண்ணிக்கை, சாக்கெட் அமைப்பு, எஸ்கியூஎல் பதிப்பு ஆகியவற்றோடு இங்கே கருத்தில் எழுதுங்கள். நான்கும் சுத்தமாக இருந்தும் மந்தம் தொடர்ந்தால் டிஸ்கைப் பார்க்க வேண்டும். இஎஸ்எக்ஸ்டாப்பில் யு விசையை அழுத்தி, டிஸ்க் பதில் தர எடுக்கும் நேரத்தைக் காட்டும் டிஏவிஜி என்ற எண் தொடர்ந்து 20 மில்லிநொடிக்கு மேல் இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதினால், எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.