டார்பர் வாங்கலாமா, மேச்சேரி போதுமா? செம்மறியில் பணம் போடுவதற்கு முன்

கேள்வி: ஐயா, நாங்கள் கரூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். குவைத்தில் வேலை பார்த்த என் கணவர் ஊருக்கே திரும்பிவிட்டார். வங்கியில் 14 லட்சம் ரூபாய் டெபாசிட் இருக்கிறது. மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். நான்கு ஏக்கர் கொறங்காடும் (வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம்), கிணற்றோடு அரை ஏக்கரும் சொந்தம். உலகத்தின் சிறந்த செம்மறி இனங்கள் என்று வீடியோக்கள் பார்த்ததில், டார்பர் என்ற தென் ஆப்பிரிக்க இனத்தை வாங்க வேண்டும் என்று அவர் உறுதியாக இருக்கிறார். பெட்டை 45,000, கிடா 60,000 என்று விலை சொல்கிறார்கள். பத்துப் பெட்டையும் ஒரு கிடாவும் வாங்கலாமா, அல்லது மெரினோ, சஃபோக் மாதிரி வேறு இனம் லாபமா? இன்னொரு நிறுவனம், "3 லட்சம் கொடுங்கள், ஆடுகளை நாங்களே வளர்க்கிறோம், மாதம் 9,000 தருகிறோம், இரண்டு வருடத்தில் அசலும் திரும்பும்" என்கிறது. அது சரியா? ஆட்டு வருமானத்துக்கு வரி உண்டா?

பதில்: சகோதரி, அந்த 3 லட்சம் திட்டத்தில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். டார்பரையும் இப்போது, இந்த விலைக்கு வாங்க வேண்டாம். இது டார்பர் மோசமான இனம் என்பதால் அல்ல. எந்த ஆடும் ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு சந்தைக்காக உருவான ஆடு. அந்தச் சந்தை உங்கள் ஊரில் இருக்கிறதா என்பதை வீடியோவில் யாரும் சொல்வதில்லை.

மெரினோவிலிருந்தே பார்ப்போம். ஸ்பெயினில் உருவான இனம். 18-ஆம் நூற்றாண்டு வரை அதை வெளியே விடாமல் அந்த நாடு பொத்திப் பாதுகாத்தது, அவ்வளவு மதிப்பு அதன் கம்பளிக்கு. 1786-இல் பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயி ஒரு மந்தையை வாங்கி ரம்பூயே பண்ணையில் விட்டார். அதிலிருந்து வந்தது ரம்பூயே இனம். 1797-இல் மெரினோ ஆஸ்திரேலியாவுக்குப் போனது, அந்த நாட்டின் பொருளாதாரமே அதன் முதுகில் ஏறியது. ஆனால் மெரினோவின் லாபம் முழுக்க மென்மையான கம்பளியில். அதைக் கத்தரிக்க ஆள், தரம் பிரிக்க ஆள், ஏலம் எடுக்க ஆலைகள் எல்லாம் வேண்டும். இவை எதுவும் கரூரில் இல்லை, வெயிலும் ஒத்துவராது. தமிழ்நாட்டில் மெரினோ ரத்தம் வாழும் இடங்களைப் பாருங்கள்: கொடைக்கானல் மலையில் மன்னவனூர் மத்திய அரசு ஆராய்ச்சி மையத்தில் பாரத் மெரினோ, ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவில் நீலகிரி இனம். இரண்டும் குளிர் மலைகள்.

சஃபோக் இங்கிலாந்து ஆடு. சவுத்டவுன் கிடாவையும் நார்ஃபோக் கொம்புப் பெட்டையையும் சேர்த்து வந்தது. கருப்பு முகம், பெரிய உடம்பு, நல்ல கறி. நெதர்லாந்தின் டெக்சல் தீவிலிருந்து வந்த டெக்சல், சதைப்பிடிப்புக்குப் பேர் போனது. இரண்டும் குளிர்ந்த, பச்சைப் புல் நிறைந்த நாட்டுக்கானவை. கிழக்கு ஃப்ரீசியன் ஒரு கறவைக் காலத்தில் 300 முதல் 600 லிட்டர் வரை பால் கொடுக்கும். பிரான்ஸின் லகோன் பாலில்தான் ரோக்ஃபோர்ட் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். செம்மறிப் பாலை லிட்டர் கணக்கில் வாங்க உங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்? மத்திய ஆசியாவின் காரகுல், பிறந்த குட்டியின் சுருள் ரோமத் தோலுக்காக வளர்க்கப்படுவது. அது நமக்குத் தேவையே இல்லை. பின்லாந்தின் ஃபின் ஆடும் ரஷ்யாவின் ரோமனோவும் ஒரே ஈற்றில் மூன்று நான்கு குட்டி போடும். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். அத்தனை குட்டிக்கும் தாயிடம் பால் பற்றாது, புட்டியில் கொடுத்து வளர்க்க வேண்டிவரும்.

உங்கள் ஊரில் உறுதியாக விலைபோவது கறி. அதனால் உங்கள் கணவர் டார்பரில் வந்து நின்றதில் தப்பில்லை. 1930-களில் தென் ஆப்பிரிக்காவில், வறண்ட நிலத்திலும் சீக்கிரம் எடை போடும் கறி ஆடு வேண்டும் என்று டார்செட் ஹார்னையும் சோமாலியாவிலிருந்து வந்த பாரசீகக் கருந்தலை ஆட்டையும் கலந்து உருவாக்கினார்கள். கம்பளி கத்தரிக்கும் வேலை இல்லை, ரோமம் தானாக உதிர்ந்துவிடும். நல்ல தீவனம் கிடைத்தால் மூன்றரை, நான்கு மாதத்தில் குட்டி 36 கிலோ வரை வரும். நம் நாட்டு ஆடு எதுவும் அந்த வேகத்தில் வளராது. ஆனால் அந்த "நல்ல தீவனம்" என்ற நிபந்தனையை அழுத்திச் சொல்கிறேன். கொறங்காட்டுப் புல்லை மட்டும் மேய்த்துவிட்டு 36 கிலோ எதிர்பார்க்க முடியாது. தானியம், பிண்ணாக்கு கலந்த அடர்தீவனத்துக்குத் தினமும் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

இப்போது கணக்கு. உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். கன்னிவாடி சந்தைக்குப் போய் இன்றைய விலை பார்த்து இந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். 40 கிலோ டார்பர் பெட்டையின் கறி மதிப்பு 16,000. உங்களிடம் கேட்பது 45,000. 60 கிலோ கிடா 24,000, கேட்பது 60,000. மொத்தம் நீங்கள் கொடுக்கப்போவது 5,10,000. நாளைக்கே விற்க வேண்டி வந்தால் கறிக்கடைக்காரர் கொடுப்பது 1,84,000. நடுவில் இருக்கும் 3,26,000 ரூபாய், "அடுத்து ஒருவர் இதே விலைக்கு இன விருத்திக்காக என்னிடம் வாங்குவார்" என்ற நம்பிக்கைக்கு நீங்கள் கட்டும் விலை. அந்த அடுத்தவர் வரும்வரை தொழில் ஓஹோ என்று ஓடும். ஊருக்கு ஊர் பண்ணை வந்து, எல்லோரிடமும் விற்கக் குட்டி இருக்கும் நாளில் விலை கறி விலைக்கு இறங்கும். குட்டி பெருகப் பெருக அந்த நாள் பக்கத்தில் வரும். முதலில் விற்றவர்கள் சம்பாதித்திருப்பார்கள், கடைசியில் வாங்கியவர் சுமப்பார். நீங்கள் வரிசையில் எங்கே நிற்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. மகளின் கல்லூரிப் படிப்பு தொடங்க இரண்டு வருடம்கூட இல்லாத வீட்டில் அந்தப் பந்தயம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று, நீங்கள் பார்த்தது டார்பர்தானா? வெள்ளை உடம்பு, கருப்புத் தலை என்பது அடையாளத்துக்குப் போதாது. பாரசீகக் கருந்தலைக்கும் அதே தோற்றம்தான். கலப்பு ஆடுகளை விற்பவர்கள் பேச்சில் எஃப்1 என்றால் பாதி டார்பர் ரத்தம், எஃப்2 என்றால் முக்கால். எஃப்1 ஆட்டைத் தூய இன விலைக்கு விற்பதை வெளித்தோற்றத்தில் கண்டுபிடிக்க முடியாது. தாய், தகப்பன் பதிவேடு காட்டாதவரிடம் கறி விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பதிவேடு இருந்தாலும், ஒரே பண்ணையில் வாங்கும் கிடாவும் பெட்டைகளும் அண்ணன் தங்கையாக இருக்கலாம். அதையும் கேளுங்கள்.

உங்களிடம் இருப்பது கொறங்காடு. கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல். அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக மேய்ந்து தேறிய செம்மறி மேச்சேரி. கொம்பில்லாத, வெளிர் பழுப்பு நிற ஆடு. உடம்பு சின்னது. பெட்டை 25 கிலோவை ஒட்டித்தான் நிற்கும், பெரும்பாலும் ஒரே குட்டி. ஆனால் கறிக்கு எப்போதும் ஆள் உண்டு, தோலுக்குத் தனிப் பெயர் உண்டு. நம் வெயிலும் வறட்சியும் அதற்குப் புதிதில்லை. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இதற்கென்றே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிடா தேர்வுக்கு முதலில் அங்கே போய்க் கேளுங்கள். (வேறு ஊர்களிலிருந்து படிப்பவர்கள் மேச்சேரியைத் தேடி வர வேண்டாம். தூத்துக்குடி, விருதுநகர் பக்கம் வேம்பூரும் கீழக்கரிசலும், ராமநாதபுரம், சிவகங்கையில் ராமநாதபுரம் வெள்ளையும், செங்கல்பட்டு, திருவள்ளூரில் மெட்ராஸ் ரெட்டும் இதே வேலையைச் செய்யும்.)

20 பெட்டை, தலா 11,000 என்றால் 2,20,000. கிடா 18,000. கொட்டகைக்கும் வேலி சரிசெய்யவும் 1,20,000. ஆக 3,58,000. இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று எடுக்கலாம் என்பார்கள், நன்றாகக் கவனித்தால் முடியும். நான் வருடத்துக்கு ஒரு ஈற்று, அதில் 16 குட்டி தப்பிப் பிழைக்கும் என்று மட்டும் எடுக்கிறேன். ஒன்பது மாதத்தில் 18 கிலோ, 7,200 ரூபாய். 16 குட்டிக்கு 1,15,200. தீவனம், மருந்து, தடுப்பூசி, காப்பீடு என்று 40,000 கழித்தால் மிச்சம் 75,200. மாதம் 6,000 சொச்சம். டெபாசிட் வட்டியோடு ஒப்பிட்டால் பிரமாதமாகத் தெரியும். ஆனால் தினமும் மேய்க்கும் உங்கள் இருவரின் கூலி இதில் சேரவில்லை. ஆள் வைத்து மேய்த்தால் இந்த மிச்சம் முழுக்க அவர் சம்பளத்துக்கே போய்விடும். ஆகவே இதைக் குடும்பத்தின் ஒரே வருமானமாக நினைக்காதீர்கள். அரை ஏக்கரில் தீவனச் சோளமும் வேலிமசாலும் போட்டு, ஒரு கோடையையும் ஒரு ஐப்பசி மழையையும் தாண்டிய பிறகு, மந்தையைப் பெருக்கலாமா என்று முடிவெடுங்கள்.

மழைக்காலத்தை ஏன் சொல்கிறேன் என்றால், நீலநாக்கு நோய் அப்போதுதான் வரும். சின்னக் கொசு மாதிரிப் பூச்சி பரப்புவது. நம் ஆடுகளையும் விடாது, ஐரோப்பிய இனங்களுக்கு இன்னும் கடுமை. ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி, ஆட்டம்மை என்று மற்றவையும் உண்டு. கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி அட்டவணை வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். காப்பீடு எடுத்ததும் காது வில்லை போடுவார்கள். அது தொலைந்தால் உடனே சொல்லி மறு வில்லை போட வேண்டும், இல்லாவிட்டால் ஆடு செத்தாலும் கிளெய்ம் கிடைக்காது.

உங்கள் கணவருக்கு டார்பர் ஆசை விடவில்லை என்றால், இரண்டாம் வருடத்தில் பதிவேடுள்ள ஒரு கலப்புக் கிடா மட்டும் வாங்கி, மந்தையில் பெரிய உடம்புள்ள ஐந்தாறு பெட்டைகளோடு மட்டும் சேர்த்துப் பாருங்கள். 22 கிலோ பெட்டைக்குப் பெரிய குட்டி என்றால் ஈற்றில் சிக்கலாகும், அதனால்தான் இந்த நிபந்தனை. பிறக்கும் குட்டி கறிக்கு மட்டும். நஷ்டம் வந்தாலும் ஒரு கிடாவின் விலையோடு நிற்கும். இரட்டைக் குட்டி ஆசை இருந்தால் அதற்கும் வெளிநாடு போக வேண்டாம். சுந்தரவனத்தின் காரோல் என்ற குட்டை ஆட்டில் பல குட்டி ஈனும் மரபணு இருக்கிறது. அதை தக்காணி ஆட்டில் சேர்த்து மகாராஷ்டிராவின் பல்டணில் நாரி சுவர்ணா என்ற இனத்தை உருவாக்கியிருக்கிறார்கள். இதெல்லாம் ஒற்றைக் குட்டியைப் பிழைக்க வைக்கப் பழகிய பிறகு யோசிக்க வேண்டியது.

சரி, அந்த மாதம் 9,000 திட்டம். 3 லட்சத்துக்கு வருடம் 1,08,000, அதாவது 36 சதவீதம். செம்மறிக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். குட்டி விற்கும் எடைக்கு வர, வேகமாக வளரும் டார்பருக்கே நான்கு மாதம் வேண்டும், நம் ஆட்டுக்கு இன்னும் அதிகம். ஆக முதல் ஒன்பது மாதம் எந்த இன ஆடாக இருந்தாலும் ஒரு ரூபாய் வராது. அப்படியானால் இரண்டாம் மாதம் உங்கள் கைக்கு வரும் 9,000 எங்கிருந்து வரும்? உங்கள் பணத்திலிருந்தோ, உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர் பணத்திலிருந்தோதான் வர முடியும். 2012-இல் பெருந்துறை பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தது உங்கள் பக்கத்து மாவட்டத்துச் செய்தி. நிலத்தை அடகு வைத்துப் போட்டவர்கள் எத்தனை பேர் தவித்தார்கள் என்று உங்கள் ஊரிலேயே கேட்டால் சொல்வார்கள். முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் 2019 சட்டம் இருக்கிறது. ஆனாலும் போன பணம் வழக்கு, ஏலம் என்று அலைந்து திரும்பி வருவதற்குள் உங்கள் மகள் படித்து முடித்திருப்பாள். கேட்டவர்களிடம் "வேண்டாம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள், உறவினர் மூலமாக வந்தாலும்.

பணத்தை இப்படிப் பிரியுங்கள். மகளின் படிப்புக்கு 5 லட்சம் டெபாசிட்டில் தொடாமல் இருக்கட்டும். ஒரு வருட வீட்டுச் செலவுக்கு 3 லட்சம் தனியாக. ஆட்டுக்கு அதிகபட்சம் 4 லட்சம். மீதி 2 லட்சம், மழை பொய்த்த வருடத்துத் தீவனத்துக்கு. தேசிய கால்நடை இயக்கத்தில் 50 சதவீத மானியம் உண்டு என்று ஆசை காட்டுவார்கள். அது உண்மைதான், ஆனால் குறைந்தபட்ச அலகே 100 பெட்டை, 5 கிடா. அந்த அலகுக்கு மானிய உச்சவரம்பு 10 லட்சம், இரண்டு தவணையில், வேலை தொடங்கிய பிறகுதான் வருவது. மானியத்துக்காக முதல் வருடமே 100 ஆட்டுக்குப் போகாதீர்கள். கைமுதலுக்கு வங்கியில் கால்நடைக்கான கிசான் கடன் அட்டை கேட்கலாம்.

வரி உண்டு. கொறங்காட்டில் மேய்ந்தாலும் ஆடு விற்ற பணம் வேளாண் வருமானத்தில் சேராது, தொழில் வருமானம்தான். இந்த அளவுக்கு உங்களுக்கு வரி கட்ட வேண்டி வராது. ஆனாலும் டெபாசிட் வட்டியோடு சேர்த்துக் கணக்கில் காட்ட வேண்டும். வாங்கியது, விற்றது, செத்தது, தீவனச் செலவு என ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். சந்தையில் ரொக்கமாக விற்றாலும் பணத்தை வங்கியில் போடுங்கள், பின்னால் கடன் கேட்கும்போது மேலாளர் அதைத்தான் பார்ப்பார்.