சர்க்கரை நோயும் டெங்குவும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் ஒருவரைப் பற்றிய குறிப்பில் 'தன்னெதிர்ப்புச் சர்க்கரை நோய், டெங்கு வைரஸ்' என்று இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். ஒன்றில் உடல் தன்னையே தாக்கிக்கொள்கிறது. மற்றது கொசு கொண்டுவருவது. ஒரே ஆய்வகம் இரண்டையும் ஏன் எடுத்துக்கொள்கிறது? டெங்கு வந்தால் டைப் 1 சர்க்கரை நோய் வரும் என்பதுதான் கருத்தா? நான் முதுகலை முடிக்கப்போகிறேன், விரைவில் எலிஸ்பாட் சோதனை செய்யத் தொடங்குவேன். இரண்டு நோய்க்கும் ஒரே முறை போதுமா? என் தம்பிக்கு டைப் 1 இருக்கிறது. அவனுக்கு டெங்கு வந்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

டெங்கு சர்க்கரை நோயை உண்டாக்குகிறதா என்பது அந்த ஆய்வுகளின் மையக் கேள்வி அல்ல. இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவது சிடி8 டி செல் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணு. ஒரு செல்லின் மேற்பரப்பில் எச்எல்ஏ மூலக்கூறு ஏந்தி நிற்கும் எட்டு முதல் பத்து அமினோ அமிலம் கொண்ட புரதத் துண்டை, அதாவது பெப்டைடை, அடையாளம் கண்டு, அந்தச் செல்லைக் கொல்வது அதன் வேலை. பெப்டைடு டெங்குவுடையது என்றால் நோய்த்தொற்று கட்டுப்படும். கணையத்தின் பீட்டா செல் தானே தயாரித்த இன்சுலினுடையது என்றால் அந்த பீட்டா செல் சாகும். எந்தப் பெப்டைடு, எந்த எச்எல்ஏ, எத்தனை செல்கள், அவை எங்கே இருக்கின்றன என்ற நான்கு கேள்விகளும் இரு நோய்களுக்கும் பொது.

வைரஸையும் சர்க்கரை நோயையும் நேரடியாக இணைத்த சோதனை 1991இல் வந்தது. வைரஸ் ஆய்வாளர் மைக்கேல் ஓல்ட்ஸ்டோனின் குழுவும் சூரிச்சிலிருந்த இன்னொரு குழுவும் தனித்தனியே செய்தார்கள். எல்சிஎம்வி என்ற வைரஸின் புரதம் ஒன்றைச் சுண்டெலியின் பீட்டா செல்லில் மட்டும் வெளிப்படும்படி மரபணுவை அமைத்தார்கள். எலிக்கு நோய் வரவில்லை. பிறகு அதே வைரஸைச் செலுத்தியபோது, வைரஸைத் தேடிக் கிளம்பிய டி செல்கள் பீட்டா செல்களையும் அழித்தன. டி செல்கள் முதிரும் சுரப்பியான தைமஸில் அந்தப் புரதம் வெளிப்படாத எலிகளில் சுமார் இரண்டு வாரத்தில் சர்க்கரை ஏறியது. தைமஸிலும் வெளிப்பட்ட எலி வகையில் மாதங்கள் ஆயின. வலுவாகப் பற்றும் டி செல்கள் தைமஸிலேயே நீக்கப்பட்டுவிட்டதால் எஞ்சியவை பலவீனமானவை, அவற்றுக்கு சிடி4 என்ற உதவி டி செல்களின் துணையும் தேவைப்பட்டது. ஆனால் தானாகவே சர்க்கரை நோய் வரும் என்ஓடி எலிக்கு இதே வைரஸைக் கொடுத்தால் நோய் தடுக்கப்படுகிறது என்று ஓல்ட்ஸ்டோன் 1988லேயே காட்டியிருந்தார். ஆகவே 'வைரஸ் சர்க்கரை நோயைத் தரும்' என்ற ஒற்றை வரியை யார் சொன்னாலும், எந்த வைரஸ், எந்த மரபணுப் பின்னணி, எந்தக் கட்டத்தில் என்று கேளுங்கள். மனிதர்களில் அதிகச் சான்று உள்ளது என்டெரோவைரஸ் பி வகைக்குத்தான், டெங்குவுக்கு அல்ல.

டெங்குவில் எலி மாதிரியே முதல் சிக்கல். வைரஸின் என்எஸ்5 புரதம் மனிதனின் ஸ்டாட்2 புரதத்தைப் பிடித்து அழித்து, வைரஸ் வந்ததை அறிவிக்கும் இன்டர்ஃபெரான் சமிக்ஞையை அடைக்கிறது. எலியின் ஸ்டாட்2வை அதனால் பிடிக்க முடியாது, எனவே சாதாரண எலியில் வைரஸ் நிற்பதில்லை. இன்டர்ஃபெரான் ஏற்பிகள் இல்லாத ஏஜி129 போன்ற எலிகளைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் டி செல்லின் வளர்ச்சிக்கும் அதே இன்டர்ஃபெரான் தேவை என்பதால், அங்கே கிடைக்கும் டி செல் முடிவை அப்படியே மனிதனுக்கு எடுத்துச்செல்லக் கூடாது. மனித ரத்தத்திலிருந்து வந்த தரவைத்தான் நான் கூடுதலாக நம்புவேன்.

அந்தத் தரவும் ஒரே திசையில் இருக்கவில்லை. 2003இல் தாய்லாந்து நோயாளிகளின் ரத்தத்தைப் பார்த்தவர்கள், முதல் தொற்றின் நினைவுச் செல்கள் இரண்டாவது தொற்றின் வகையைச் சரியாகப் பிடிக்காமல் கேடு செய்கின்றன என்று கருதினார்கள். 2013இல் இலங்கைக் கொடையாளர்களின் ரத்தம் வேறு கதை சொன்னது. வலுவான, ஒரே நேரத்தில் பல வேலை செய்யும் சிடி8 எதிர்வினைக்கு வழிசெய்யும் எச்எல்ஏ வகைகள், கடும் நோய் குறைவாக வருவதோடு சேர்ந்திருந்தன. இந்தச் செல்கள் அதிகம் குறிவைப்பவை என்எஸ்3, என்எஸ்4பி, என்எஸ்5 என்ற கட்டமைப்பு சாராப் புரதங்கள், அதாவது வைரஸ் துகளின் உடலில் சேராதவை. டெங்வாக்ஸியா தடுப்பூசியின் உடல் மஞ்சள் காய்ச்சல் வைரஸின் 17டி வகை, டெங்குவிலிருந்து எடுத்தவை வெளிப்புறப் புரதங்கள் மட்டுமே. அதாவது டி செல்லுக்கு முக்கியமான டெங்கு இலக்குகள் அதில் இல்லை. டெங்குவே வராத குழந்தைகளில் அது முதல் தொற்றுபோல நடந்துகொண்டு அடுத்த தொற்றைக் கடுமையாக்கலாம் என்பது 2017 நவம்பரில் வெளியானபோது, பிலிப்பைன்ஸில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதைப் போட்டிருந்தார்கள். அங்கே முதன்மைக் காரணம் ஆன்டிபாடிதான். டி செல் இலக்குகள் இல்லாதது எவ்வளவு பங்களித்தது என்ற விவாதம் நியாயமானது.

இனி எலிஸ்பாட். தட்டின் குழியில் செல்களோடு பெப்டைடைச் சேர்த்தால், எதிர்வினை காட்டும் ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளியை விடும்; அதை எண்ணும் சோதனை இது. முறை ஒன்றே, எதிர்பார்ப்பு வேறு. டெங்கு வந்துபோனவரின் பத்து லட்சம் பிபிஎம்சியில் (ரத்தத்திலிருந்து பிரித்த, டி செல் அடங்கிய வெள்ளணுக்கள்) நூற்றுக்கணக்கான புள்ளிகள் வரலாம். டைப் 1இல் இரண்டு லட்சம் செல் போட்ட குழியில் ஒன்றிரண்டு வந்தாலே பெரிது. ஆகவே டெங்குவுக்கு மூன்று குழி போதும். சர்க்கரை நோய்க்குக் குறைந்தது ஆறு குழி வேண்டும், பெப்டைடு இல்லாத குழிகளையும் அதே அளவுக்குக் கூட்டுங்கள். பின்னணியைக் கழித்தபின் பத்து லட்சம் செல்லுக்கு 20 புள்ளி, பின்னணியைப் போல இரண்டு மடங்கு, புள்ளியியல் மதிப்பு 0.05க்குக் கீழ் என்ற டெங்கு ஆய்வுகளின் வழக்கமான வரையறையை அப்படியே வைத்தால், டைப் 1 மாதிரிகளில் உண்மையான எதிர்வினைகள் பல விழுந்துவிடும்.

தவறு பெரும்பாலும் ரத்தம் எடுக்கும் குழாயிலேயே தொடங்குகிறது. ரத்தம் உறையாமல் காக்கும் ஹெப்பாரின் உள்ள குழாயில் எடுங்கள், அறை வெப்பத்தில் வையுங்கள், ஃப்ரிட்ஜில் வேண்டாம். எட்டு மணி நேரத்துக்குள் பிரியுங்கள். தாமதமானால் கிரானுலோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் மேலே மிதந்து பிபிஎம்சி அடுக்கில் கலந்து டி செல்லை மந்தமாக்கும். ரத்தத்தைச் சம அளவு பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலோடு கலந்து, 1.077 அடர்த்தியுள்ள ஃபைகால் என்ற திரவத்தின் மேல் மெதுவாக ஊற்றி, 400 ஜி விசையில் 30 நிமிடம் சுற்றுங்கள். பிரேக் அணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் நிற்கும்போது அடுக்கு குலைந்துவிடும். உறைய வைக்க 90 சதவீதம் சீரம், 10 சதவீதம் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான், நிமிடத்துக்கு ஒரு டிகிரி குறைவு. உருக்கும்போது வெதுவெதுப்பான ஊடகத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். ஒரேயடியாக ஊற்றினால் சவ்வூடு அழுத்தத்தில் செல்கள் வெடிக்கும். ஓர் இரவு ஓய்வு கொடுத்து, உயிருள்ளவை 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மட்டும் தட்டில் போடுங்கள். போட்டபின் 20 முதல் 24 மணி நேரம் தட்டைத் தொடாதீர்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். நகர்ந்த செல் புள்ளிக்குப் பதில் கறையை விட்டுச்செல்லும்.

பெப்டைடில் வேறுபாடு இன்னும் கூடுதல். டெங்குவின் முழுப் புரதச் சங்கிலி சுமார் 3,390 அமினோ அமிலம். 15 நீளத்தில், ஐந்து ஐந்தாக நகர்த்தினால் 676 பெப்டைடு. இன்சுலினின் முன்வடிவமான ப்ரீப்ரோஇன்சுலின் 110 மட்டுமே, 20 பெப்டைடில் முடிந்துவிடும். ஆனால் முதிர்ந்த இன்சுலினில் மட்டும் சிஸ்டீன் என்ற கந்தகமுள்ள அமினோ அமிலம் ஆறு இருக்கிறது. காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து பெப்டைடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சிறு சிறு பங்காக உறையவைத்து, ஒருமுறை உருக்கியதை மறுபடி உறையவைக்காதீர்கள். இறுதி டிஎம்எஸ்ஓ 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கட்டுப்பாட்டுக் குழியிலும் அதே அளவு இருக்க வேண்டும். டெங்குக் கொடையாளருக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, ஜிகா உண்டா என்று விசாரியுங்கள். உறவுக்கார வைரஸ்கள், குறுக்கு எதிர்வினை வரும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பீட்டா செல்லை அடையாளம் காணும் சிடி8 செல்கள் ஆரோக்கியமானவர்களின் ரத்தத்திலும் ஏறத்தாழ அதே அளவில் உண்டு. எண்ணிக்கையை வைத்து நோயாளி, நோயற்றவர் என்று பிரிக்க முயலாதீர்கள். வேறுபாடு கணையத்தில் இருக்கிறது. உறுப்புக்கொடையாளர்களின் கணையத்தில் 2012இல் இந்தச் செல்களை, பீட்டா செல்கள் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளுக்குள்ளேயே கண்டார்கள்.

தம்பியைப் பற்றி. உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டல்படி, டெங்குவோடு சர்க்கரை நோயும் இருந்தால் எச்சரிக்கை அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக் கண்காணிப்பு வேண்டும். சாப்பிட முடியவில்லை என்றாலும் அடிப்படை இன்சுலினை நிறுத்தக் கூடாது. இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் கீட்டோனைப் பாருங்கள். சர்க்கரை ஏறினால் சிறுநீர் வழியே நீர் போகும், காய்ச்சல் இறங்கும் நாட்களில் ரத்தக் குழாயிலிருந்தும் நீர் கசியும், இரண்டும் சேர்ந்தால் அதிர்ச்சி நிலை விரைவாக வரும். பாரசிட்டமால் சரி, இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கூடாது. தொடர் சர்க்கரைச் சென்சார்களில் சில பாரசிட்டமாலால் கூடுதலாகக் காட்டும், எனவே இன்சுலின் அளவை விரல் நுனிச் சோதனையை வைத்து முடிவுசெய்யுங்கள்.

உங்களுக்கும் ஒரு சோதனை உண்டு. டைப் 1 உள்ளவரின் உடன்பிறந்தவர் என்பதால் ஆன்டிபாடிப் பரிசோதனை செய்துகொள்வது பயனுள்ளது. இரண்டோ அதற்கு மேலோ வகை ஆன்டிபாடியும், சற்று மாறத் தொடங்கிய சர்க்கரையும் இருப்பவர்களுக்காகவே டி செல்லை அடக்கும் டெப்லிசுமாப் 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2019இல் வெளிவந்த ஆய்வில் நோய் வெளிப்படுவதை நடுத்தர அளவில் சுமார் இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டது. அதைத் தொடங்குமுன் உயிருள்ள வைரஸ் தடுப்பூசிகளைக் குறைந்தது எட்டு வாரம் முன்பே முடித்திருக்க வேண்டும். டெங்குத் தடுப்பூசிகளும் அந்த வகைதான். போட்டுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் மருத்துவரிடம் இந்த வரிசையை முதலிலேயே பேசிவிடுங்கள்.