கடைவாய்ப்பல் போன இடத்தில் இம்பிளான்ட்: சர்க்கரை நோயாளி அவசரப்படலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. கீழ்வரிசைக் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மூன்றே நாளில் இம்பிளான்ட் வைத்து நிலையான பல் கட்டிவிடலாம் என்கிறார் ஒரு மருத்துவர். மகனோ, பக்கத்துப் பற்களைச் சீவி அவற்றின் மேல் கட்டும் பிரிட்ஜ் போதும் என்கிறான். என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, சர்க்கரை இருக்கிறது என்பதற்காகவே இம்பிளான்ட், அதாவது தாடை எலும்புக்குள் டைட்டானியம் திருகு வைத்து அதன் மேல் பல் கட்டுவது, கூடாது என்பதில்லை. கட்டுக்குள் நிற்காத சர்க்கரைதான் பகை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை முதலில் செய்துகொள்ளுங்கள். 7 சதவீதத்தை ஒட்டி இருந்தால் தயங்க வேண்டாம். 8-ஐத் தாண்டினால், சர்க்கரையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மூன்று நாள் விஷயத்துக்கு வருகிறேன். இம்பிளான்டைத் தாங்குவது பசையோ சிமென்டோ அல்ல, உங்கள் எலும்பு. 1952-இல் சுவீடனைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் பிரோனமார்க், முயலின் காலெலும்புக்குள் வைத்த டைட்டானியம் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தார், வரவில்லை. எலும்பு அதைக் கவ்வி வளர்ந்திருந்தது. அந்தப் பிடிப்பு உண்டாகக் கீழ்த்தாடையில் பொதுவாக மூன்று மாதம், மேல்தாடையில் நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். திருகு வைத்த முதல் சில வாரங்களில் அதன் பிடிப்பு குறையவே செய்யும். பழைய எலும்பு கரைந்து, புது எலும்பு இறுகாத நேரம் அது. அப்போது முறுக்கைக் கடித்துத் திருகு அசைந்தால், எலும்புக்குப் பதில் நார்த்திசு சூழ்ந்துகொள்ளும். பிறகு அதைக் கழற்றத்தான் வேண்டும். முன்பல்லுக்குக் கடி படாமல் உடனே தற்காலிகப் பல் பொருத்துவதுண்டு. அரைக்கும் பல்லுக்கு, அதுவும் உங்கள் நிலையில், நான் அதை ஏற்கமாட்டேன்.

இரண்டு ஆண்டில் அந்த இடத்து எலும்பு சுருங்கியிருக்கும். தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுக்காமல் திருகு வைக்க விடாதீர்கள். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பிலிருந்து 2 மில்லிமீட்டராவது விலகி நிற்க வேண்டும். பட்டால் உதடு மரத்துப்போகும். எலும்பு போதாவிட்டால், எலும்புத் தூள் வைத்து வளர்த்த பிறகே திருகு.

மகன் சொல்வதிலும் நியாயம் உண்டு. இருபக்கப் பற்களுக்கும் ஏற்கெனவே வேர்ச் சிகிச்சை செய்து உறை போட்டிருந்தால் பிரிட்ஜ் நல்ல வழி. அவை பழுதில்லாதவை என்றால் யோசியுங்கள்; பிரிட்ஜுக்காகச் சீவி எறியும் எனாமல் மறுபடி வளராது. எப்படியானாலும் இடத்தைக் காலியாக விட்டுவைக்காதீர்கள். மேல்பல் மெல்ல அந்தப் பள்ளத்துக்குள் இறங்கும், பக்கத்துப் பல் சாயும்.

எலும்பு அடர்த்திக் குறைவுக்கு மாத்திரையோ ஆண்டுக்கொரு ஊசியோ எடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் அதில் உண்டு. இரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

இம்பிளான்டில் சொத்தை விழாது. ஆனால் அதைச் சுற்றிய ஈறு, வலியே காட்டாமல் அழுகி எலும்பைத் தின்னும். தினமும் இரவில் பல்லிடுக்கு பிரஷ், ஆறு மாதத்துக்கொரு முறை சுத்தம். சிகிச்சை முடிந்ததும் திருகின் பெயர், அளவு, தொகுதி எண் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி வையுங்கள். பத்து ஆண்டு கழித்து வேறு ஊரில் உறை தளர்ந்தால், எந்தச் சாவியால் திறப்பது என்று அந்த மருத்துவருக்கு அதுதான் சொல்லும்.