தல, ப்ரோ, மச்சி என்று கூப்பிடுவது உண்மையில் மரியாதைதானா?

கேள்வி: என் தம்பி மொபைல் கேம் ஆடும்போது முகம் தெரியாத ஒருவனைத் "தல, தல" என்கிறான். வயதில் மூத்த நண்பனை "மச்சி" என்கிறான். இதெல்லாம் மரியாதையில் சேருமா?

சேரும். நான் 2018-ல் பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை மொபைல் கேமில் ஆட ஆரம்பித்தவன், ஊர் மதுரை. இந்தச் சொற்களைத் தினமும் வாங்கியும் கொடுத்தும் பழகியவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தமிழில் வாயைத் திறந்தாலே எதிரில் இருப்பவர் நீயா, நீங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். நேரில் என்றால் ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிடும். கேமில் வருவதோ வெறும் குரல். நான்கு பேர் டீமில் மற்ற மூவரும் புது ஆட்களாக இருப்பார்கள், வயதும் தெரியாது, ஊரும் தெரியாது. பின்னாலிருந்து ஒருவன் சுட வருகிறான். "பாரு" என்பதா, "பாருங்க" என்பதா? "ப்ரோ, பின்னாடி!" என்றால் வேலை முடிந்தது. வினைச்சொல்லே தேவைப்படவில்லை. "ப்ரோ வா", "ப்ரோ வாங்க" இரண்டும் பொருந்தும், யாருக்கும் மனம் கோணாது. இங்கிலீஷ் மோகத்தால்தான் பையன்கள் ப்ரோ என்கிறார்கள் என்று பலர் குறைபடுகிறார்கள். தெரியாத ஆளின் மரியாதையைக் குறைத்துவிடக் கூடாது என்கிற கவனமும் அதில் இருக்கிறது என்பது என் எண்ணம். எங்களோடு ஆடிய கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், நான்கு பக்கமும் தோட்டா பறக்கும்போதும் "சுடுங்க ப்ரோ, சுடுங்க" என்றுதான் கத்துவார். அந்த "ங்க" ஒரு தடவைகூட நழுவியதில்லை.

மச்சி, மாப்ள, பங்கு எல்லாம் வேறு வகை. மச்சான் என்பது அக்காள் கணவர், அத்தை மகன், மாமன் மகன் என்று கேலி பேசும் முறையுள்ள உறவு. நண்பனை மச்சான் என்றால் அந்தக் கேலி உரிமையை அவனுக்குக் கொடுத்துவிட்டோம் என்று பொருள். சென்னையில் அது மச்சி, மாமே என்று ஆகிறது. எங்கள் பக்கம் மாப்ள, பங்காளி, பங்கு. பங்காளி என்றால் அப்பா வழி உறவு, சொத்தில் பங்கு உள்ளவன். கூடப் பிறக்காதவனுக்கு அந்த இடத்தைத் தருவதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. நாகர்கோவில் பக்கம் போனால் மக்கா. இலங்கையிலும் தமிழ் நண்பர்களுக்குள் மச்சான்தான், சிங்களவர்கள்கூட நண்பனை "மச்சங்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆகவே உங்கள் தம்பி மூத்த நண்பனை மச்சி என்பதில் மரியாதைக் குறைவு இல்லை, சொந்தம் கொண்டாடுகிறான்.

தல அப்படி எல்லோருக்கும் கிடைக்காது. அதை ஒருவன் செய்கையால் வாங்க வேண்டும்.

2020 ஊரடங்கில் நானும் கல்லூரி நண்பர்கள் இருவரும் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணி வரை ஆடுவோம். நாலாவது ஆளாக ஒரு நாள் ஒரு பையன் வந்து சேர்ந்தான். மெல்லிய குரல், எங்கள் மூவரையும் "அண்ணா" என்றே கூப்பிட்டான். ஆட்டம் முடியும் நேரம், உயிரோடு இருக்கக்கூடிய கடைசி வட்டம் சுருங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் அடிபட்டுத் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தோம். அவன் ஓடிவிடவில்லை. புகைக் குண்டு வீசி, அந்தப் புகைக்குள் வந்து ஒவ்வொருவராக எழுப்பினான். "அண்ணா படுங்க. மலைக்குப் பின்னாடி ஒருத்தன், மரத்துக்கிட்ட ரெண்டு பேரு. நான் சொல்லும்போது எந்திரிங்க." குரலில் பதற்றமே இல்லை. தன் முதலுதவிப் பெட்டியை எனக்காகக் கீழே போட்டுவிட்டு வெறும் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டான். என் நண்பன் ஒருவன், யாரையும் லேசில் பாராட்டாதவன், "நீ சொல்லு தல, நாங்க கேக்குறோம்" என்றான். அந்த ஆட்டத்தை ஜெயித்தோம். அன்றிலிருந்து அவன் எங்களுக்குத் தல.

சில வாரம் கழித்து ஒரு நாள் அவன் மைக்கில் ஓர் அம்மாவின் குரல் கேட்டது. "போனை வச்சிட்டு சாப்பிட வாடா, நாளைக்கு ஆன்லைன் கிளாஸ் இருக்குல்ல." அவன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் அவன் டா, எங்களுக்குத் தல. அதற்குப் பிறகும் நாங்கள் கூப்பிடுவதை மாற்றவில்லை, அவனும் எங்களை அண்ணா என்பதை விடவில்லை. இரண்டு பக்கமும் மரியாதை போய்வந்தது. வயதைப் பார்த்துக் கொடுக்கும் மரியாதையில் இப்படி நடக்க வழியே இல்லை.

தல என்ற சொல் பரவியதற்குச் சினிமாவுக்கும் பங்கு உண்டு. 2001-ல் வந்த தீனா படத்துக்குப் பிறகு அஜித்துக்கு அது பட்டப்பெயர் ஆனது. சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகர்கள் தோனிக்கும் அதையே கொடுத்தார்கள். 2021 டிசம்பரில் அஜித், தன்னைப் பெயர் சொல்லி அழைத்தால் போதும், தல போன்ற பட்டம் வேண்டாம் என்று அறிக்கையே விட்டார். ஆனாலும் பல ரசிகர்கள் விடவில்லை. கொடுத்தவர்கள் கையில்தான் அது இருக்கிறது. எம்ஜிஆரை ரசிகர்கள் வாத்தியார் என்றதும் இதே வகைதான். வடசென்னையில் குத்துச்சண்டை கற்றுத் தருபவர் இன்றும் வாத்தியார். கேமில் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரை "வாத்தியாரே" என்று கூப்பிடும்போது எனக்கு அந்த நினைவுதான் வரும்.

ஒரே ஒரு விஷயம் எனக்கு உறுத்தும். இந்தச் சொற்கள் பெரும்பாலும் ஆண்களுக்கானவை. எங்கள் டீமில் பிறகு சேர்ந்த ஒரு பெண் மாதக்கணக்கில் மைக்கைப் போடவே இல்லை. குரல் கேட்டதும் சிலர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள், அதனால்தான் என்றாள். அவளை எப்படிக் கூப்பிடுவது என்று அவளிடமே கேட்டோம். "சகோன்னு சொல்லுங்க" என்றாள். சகோதரனுக்கும் சகோதரிக்கும் பொதுவான சுருக்கம், தமிழ் வலைப்பதிவுகளில் நிறைய புழங்கிய சொல். இப்போது எங்கள் டீமில் எல்லோரும் சகோதான். அப்புறம் அவளும் மைக் போட்டுத்தான் ஆடுகிறாள்.

உங்கள் தம்பியிடம் அந்தத் தல யார், அன்றைக்கு என்ன செய்தான் என்று ஒரு நாள் கேளுங்கள். கதை ஒன்று கட்டாயம் இருக்கும். எங்கள் தலயைப் பற்றிச் சொல்ல மறந்தேன். 2020 செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை வந்தது, அக்டோபர் 30-ஆம் தேதியோடு இந்தியாவில் ஆட்டமே நின்றது. அதற்கு முந்தைய இரவு அவனுடைய நம்பரை வாங்கி வைத்தோம். இப்போது கல்லூரியில் படிக்கிறான். போன பொங்கலுக்குக் கூப்பிட்டு, "அண்ணா, நல்லா இருக்கீங்களா?" என்றான்.

"சொல்லு தல" என்றேன்.