கிரிப்டான் டைஃப்ளூரைடு ஏன் அறை வெப்பநிலையில் தாங்குவதில்லை?

"செனான் டைஃப்ளூரைடைப் புட்டியில் வைக்கலாம், கிரிப்டான் டைஃப்ளூரைடு மட்டும் ஏன் சிதைகிறது?" என்பது கேள்வி. இரண்டுமே ஒரு மந்த வாயு அணுவோடு இரண்டு ஃப்ளூரின் அணுக்கள் பிணைந்த சேர்மங்கள். சின்னக் கணக்குப் போட்டாலே விடை தெரிந்துவிடும்.

ஃப்ளூரின் மூலக்கூறை உடைக்க மோலுக்குச் சுமார் 158 கிலோஜூல் வேண்டும். கிரிப்டான்–ஃப்ளூரின் பிணைப்பு ஒன்று திருப்பித் தருவது 49 கிலோஜூல்தான். இரண்டுக்கும் சேர்த்து 98. ஆக, 60 கிலோஜூல் நஷ்டம். செனானிலோ ஒரு பிணைப்புக்கு 133 கிடைக்கிறது. 266 வரவு, 158 செலவு. கிரிப்டானின் எலக்ட்ரான்கள் அணுக்கருவுக்கு நெருக்கமாகவும் இறுக்கமாகவும் இருப்பதே இந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

எனவே வெறுமனே சூடாக்கி இதைத் தயாரிக்க முடியாது. ஃப்ளூரினை முதலில் தனி அணுக்களாகப் பிரித்து, உருவாகும் சேர்மத்தை உடனே உறைய வைக்க வேண்டும். 77 கெல்வினில் (திரவ நைட்ரஜன் குளிர்) திட கிரிப்டான், திரவ ஃப்ளூரின் மீது புற ஊதா ஒளி பாய்ச்சுவது ஒரு வழி. 300 நானோமீட்டரை ஒட்டிய ஒளி நல்லது. 280-க்குக் கீழே போனால் உண்டான சேர்மத்தையே அது உடைத்துவிடும்.

கிடைப்பது நிறமற்ற படிகம். −78 டிகிரி செல்சியஸில் (உலர்பனிக் குளிர்) தாக்குப்பிடிக்கும். அறை வெப்பநிலையில் மணிக்குச் சுமார் 10 சதவீதம் சிதையும். வெளிவரும் வாயுக்களால் கூடவே கலத்தில் அழுத்தமும் ஏறும். ஈரம் பட்டால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு உருவாகிக் கண்ணாடியையும் அரிக்கும்.

இந்த நிலையின்மைதான் அதன் பலமும்கூட: எளிதில் வினைபுரியாத தங்கத்தையே +5 நிலைக்கு (ஆக்சிஜனேற்ற எண் 5) ஆக்சிஜனேற்றும்.