"அவர் அப்படித்தான்" என்று சொல்பவர்களைக் கேட்காதீர்கள்

தங்கச்சி, பாட்டு நிகழ்ச்சிப் பதிவில் தயாரிப்பாளர் தோளில் கை போடுகிறார், நடுராத்திரியில் வாட்சாப் அனுப்புகிறார், கூட இருப்பவர்கள் "அவர் அப்படித்தான், கண்டுக்காதே" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது.

பல வருடங்களுக்கு முன்னால் கோலாலம்பூரில் ஒரு வானொலியில் நானும் உங்கள் கூட இருப்பவர்களைப் போலக் கண்டுக்காமல்தான் இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அழுதுகொண்டே வெளியே போனாள். நான் அடுத்த பாட்டைப் போட்டேன். அவள் திரும்பி வரவே இல்லை. இன்றும் உறுத்துகிறது.

சரி, செய்ய வேண்டியது. எந்த மெசேஜையும் அழிக்காதீர்கள். தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சொந்த ஈமெயிலுக்கு அனுப்புங்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள். மலேசியாவின் 1955 வேலைச் சட்டப்படி, விசாரிக்க மறுக்கும் முதலாளி 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். அசையவில்லையா, தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.

ஒப்பந்த வேலை என்று பயப்பட வேண்டாம். பாலியல் தொல்லைக்கான நடுவர் மன்றம் 2024 மார்ச் முதல் இயங்குகிறது, யாரும் போகலாம். 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு தர உத்தரவிடும்.

அப்புறம், அந்தக் கூட்டத்தில் ஒருவரையாவது தனியாகக் கூப்பிட்டுச் சாட்சி சொல்வாரா என்று கேளுங்கள். இன்றிரவே பேச ஆள் வேண்டுமென்றால் 15999 உதவி எண்ணை அழையுங்கள்.